குற்றம், பாவம், மன்னிப்பு – இஸ்லாம் சொல்வது என்ன?



முன்னுரை

போன மாதம் நம் வகுப்பில் ஒரு தோழியின் ஐம்பது ரூபாய் காணாமல் போனது. இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்த ஒருத்தியைக் காட்டி, "இவதான் எடுத்திருப்பா" என்று சொன்னது நான்தான். எல்லாரும் சுற்றி நின்று கேட்டதும் அவள் அழுதுகொண்டே, "ஆமா, நான்தான் எடுத்தேன்"னு சொல்லிட்டாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பணம் கணக்கு நோட்டு அட்டைக்குள்ளேயே இருந்தது! "அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"ன்னு கேட்டேன். "எல்லாரும் கத்துனீங்க, பயமா இருந்துச்சு"ன்னாள். அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை.

எங்க தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "சாமிகிட்ட கேக்குறது இருக்கட்டும்மா. மொதல்ல அந்தப் புள்ளைகிட்ட மாப்பு கேட்டியா?" என்றார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பாவம் இரண்டு வகை

தொழுகையை விடுவது போன்றவை இறைவனுக்குச் செய்யும் பாவம். மனம் வருந்தித் திருந்தினால் இறைவன் மன்னிப்பான். இதற்கு 'தவ்பா' என்று பெயர். ஆனால் அடுத்தவருக்குச் செய்த பாவத்துக்கு இது மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். தான் செய்த தப்பைச் செய்யாதவர் தலையில் போடுவது பெரும் பாவம் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. நம் ஊரில் அவரவர் விறகுக்கட்டை அவரவர்தான் தூக்குகிறோம். பாவச்சுமையும் அப்படித்தானாம்.

தண்டனை மூன்று வகை

1. ஹத்து: திருட்டு, அவதூறு போன்றவற்றுக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்ட தண்டனை.
2. கிஸாஸ்: கொலைக்கும் காயத்துக்கும் சமமான தண்டனை. ஆனால் கொலையானவரின் குடும்பம் நினைத்தால் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், சும்மாவும் மன்னிக்கலாம். மன்னிப்பதே மேல் என்கிறது குர்ஆன்.
3. தஃஸீர்: நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்யும் தண்டனை.

குழந்தைக்கும் மனநிலை சரியில்லாதவருக்கும் பெரியவர்களுக்கு உள்ள தண்டனை கிடையாது. சந்தேகம் வந்தால் ஹத்து தண்டனையை நிறுத்த வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் விதி. பெரிய குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது சிலர் சிபாரிசுக்கு வந்தார்கள். தன் மகள் பாத்திமா திருடியிருந்தாலும் இதே தண்டனைதான் என்று நபிகள் மறுத்துவிட்டார்.

639ஆம் ஆண்டு வாக்கில் அரேபியாவில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கலீபா உமர், திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தாராம். பசியால் எடுத்தவனையும் பேராசையால் எடுத்தவனையும் ஒன்றாக நிறுத்தக் கூடாது அல்லவா? கண்மாய் வறண்ட வருஷங்களைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும்.

மூதூர் ரிஸானா

ரிஸானா நபீக் இலங்கையில் மூதூரைச் சேர்ந்த தமிழ் பேசும் முஸ்லிம் பெண். அப்பா விறகு வெட்டுபவர். 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். பிறப்புச் சான்றிதழ்படி பிறந்தது 1988, அப்போது வயது 17. பாஸ்போர்ட்டிலோ 1982 என்று மாற்றியிருந்தார்கள். போன சில வாரங்களிலேயே, அவர் பால் கொடுத்த நான்கு மாதக் குழந்தை இறந்துவிட்டது. புரையேறியது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்றது குழந்தையின் குடும்பம். விசாரணையில் வக்கீல் இல்லை. மொழிபெயர்த்தவரும் முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லை. முதலில் ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டது. பிறகு, மிரட்டலால் அப்படிச் சொன்னேன் என்று மறுத்தார். 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். குழந்தையின் குடும்பம் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் தேதி தண்டனையை நிறைவேற்றினார்கள்.

இதைப் படித்தபோது, "பயமா இருந்துச்சு"ன்னு அவள் சொன்னதுதான் என் காதில் கேட்டது.

பட்டுக்கோட்டைத் தொழிலாளி

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போன ஒருவர், 2013இல் கேரள மலப்புரத்துக்காரர் ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றார். அவர் மனைவி மலப்புரம் போய் இறந்தவர் குடும்பத்திடம் மன்றாடினார். பாணக்காடு முனவ்வர் அலி சிகாப் தங்கள் முன்னின்று உதவினார். நல்ல மனசுக்காரர்கள் பணம் கொடுக்க, 2017இல் 30 லட்ச ரூபாய் ஈடாகத் தரப்பட்டது. வீட்டுக்காரரை இழந்த அந்த முஸ்லிம் குடும்பம், இந்தத் தமிழ்க் குடும்பத்துக்காக மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. மரண தண்டனை நீங்கியது.

"அப்போ பணக்காரன் தப்பிச்சுக்குவானே தாத்தா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ கேக்குறது நியாயமான கேள்விதாம்மா"ன்னார்.

நம் நாட்டில்

இந்தியாவில் குற்றச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் ஒன்றுதான். 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் திருமணம், சொத்துரிமை போன்றவற்றுக்கு மட்டுமே. இங்கே கொலை வழக்கை அரசு நடத்துகிறது. குடும்பம் மன்னித்தாலும் வழக்கு முடியாது. குற்றம் செய்தபோது 18 வயது ஆகாதவருக்கு மரண தண்டனை கிடையாது.

முடிவுரை

சட்டத்தில் எவ்வளவு இரக்கம் எழுதியிருந்தாலும், விசாரிப்பவர் வயதைப் பார்க்காமல், பேச்சைப் புரிந்துகொள்ளாமல், பயத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டால் நியாயம் கிடைக்காது. நாங்களும் வகுப்பில் அதைத்தான் செய்தோம். அன்று நான் பார்த்தது அவள் உட்கார்ந்திருந்ததை மட்டும்தான், எடுத்ததை இல்லை.

எல்லார் முன்னாலும் பழி சொன்னேன். அதனால் எல்லாரும் வாசிக்கும் இந்தத் தாளிலேயே எழுதுகிறேன்: அவள் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. நேரிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இன்னும் பதில் சொல்லவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் உரிமை. அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி