புகையிலையும் வயது வரம்பும்

பஞ்சசீலத்தின் ஐந்தாம் சீலம் கள்ளையும் மதுவையும் பெயர் சுட்டி விலக்குகின்றது; புகையிலையைச் சுட்டவில்லை. சுட்டியிருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்த்துகீசியர் வழியே நம் நாட்டினுள் புகுந்தது, பகவன் பரிநிர்வாணம் எய்தி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே. மேலும், கள்ளுண்டவன் தள்ளாடுவதுபோலச் சுருட்டுப் பிடித்தவன் தள்ளாடுவதில்லை. ஆகலின் புகைத்தல் சீலக்கேடாகுமா என்று வினவுவார்க்கு ஒரே சொல்லில் விடை பகர்தல் நேர்மையாகாது. அதனைக் குடியோடு சமமாக வைத்தல் மிகையென்றே யான் கருதுகின்றேன். அது பற்று என்னும் உபாதானத்தின்பாற் படுவது.

இப்பாடத்தில் நாம் ஆராய்வது வேறொன்று. வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் கைப்பேசியை விரலால் தொட்டுச் சிகரெட்டை வீட்டு வாயிலுக்கே வருவித்துக்கொள்ள இயலுமாயின், அதனைச் சட்டத்தால் தடுத்தல் முறையா? அன்றி, அஃது அவனும் அவனைப் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய சொந்தக் காரியமா?

வைட்ஃபீல்டிலும் காடுகோடியிலும் வாழும் நமக்கு இஃது ஏட்டு வினா அன்று. 1882இல் மைசூர் மகாராசா அளித்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்க்கென அமைந்த இவ்வூர், இன்று கண்ணாடி மாளிகைகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த நகர்ப்பகுதி. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர்க் கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் இரயிலேறி வந்து உழைப்போர் பலர். அயோத்திதாச பண்டிதர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்த மண்ணிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் வீட்டில் எஞ்சுவது பள்ளி விட்டு வந்த பிள்ளையும் ஒரு கைப்பேசியுமே. விரைவில் பொருள் கொணரும் செயலிகள் சிலவற்றில் பால், பருப்புடன் சிகரெட்டும் பட்டியலில் நிற்கின்றது. வயது நிரம்பியவன் யான் என்று ஒரு கட்டத்தைத் தொட்டால் கதவு திறந்துகொள்ளும். பெட்டிக்கடைக்காரராவது பையனின் முகத்தைப் பார்ப்பார். இன்னார் மகன் என்றும் அறிவார்.

தனியுரிமையின் பக்கம் நின்று பேசுவோரை எளிதிற் புறக்கணித்தல் தகாது. 18 வயதில் வாக்களிக்கலாம், ஒப்பந்தம் எழுதலாம், படையிற் சேரலாம். கருநாடகத்தில் சிகரெட்டு வாங்க மட்டும் 21 நிரம்ப வேண்டுமா என்கின்றனர். கேசபுத்த நகரில் பகவன் காலாமர்க்கு, மரபென்றோ ஆசான் மொழியென்றோ எதனையும் ஏலாது தாமே ஆராய்ந்து தெளியுமாறு அறிவுறுத்தினாரன்றோ என்றும் எடுத்துக்காட்டுகின்றனர். அச்சூத்திரத்தை இன்னும் சிறிது தொடர்ந்து படித்தல் நலம். பகவன் அவர்களிடம் முதற்கண் வினவியது லோபத்தைப் பற்றியே. ஒருவனுள் எழும் அவா அவன் நன்மைக்கோ தீமைக்கோ என்பது அவ்வினா. ஆராயும் அறிவையே அவா பற்றிக்கொள்ளுமாயின் ஆராய்ச்சி நடப்பது எங்ஙனம்? நிக்கோடின் மூளையிற் செய்வது அதுவே. அம்மூளையோ ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருப்பது.

2019இல் இந்தியப் பள்ளிகளில் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தி வந்தனர். பீடி பிடித்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பத்து வயது நிரம்புமுன்பே தொடங்கியவர்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை தன் சுதந்தரத்தைச் செலுத்திப் பீடியைத் தேர்ந்துகொண்டது என்று எவரும் கூறார்.

வயதுக்கு வரம்பு கட்டுதல் தம்மத்திற்குப் புறம்பானதா என்பதற்கு வினய பிடகத்தின் மகாவக்கம் விடை தருகின்றது. இராசகிருகத்தில் உபாலி என்னும் சிறுவன் இருந்தான். (திரிபிடகத்தின் வினயத்தை ஓதிய உபாலி தேரர் வேறு.) தங்கள் காலத்திற்குப் பின் மகன் வருத்தமின்றி வாழ்தல் எவ்வாறு என்று பெற்றோர் எண்ணினர். எழுத்துக் கற்றால் விரல் நோகும். கணக்குக் கற்றால் மார்பு நோகும். நாணய நோட்டம் பயின்றால் கண் நோகும். பிக்குகளோ நன்றாக உண்டு காற்றடங்கிய இடத்தில் உறங்குகின்றனர், அவ்வாழ்வே தக்கது என்று முடிவு செய்தனர். சிறுவன் இதனைக் கேட்டுத் தோழரையும் சேர்த்துக்கொண்டான். பதினேழு சிறுவரும் பெற்றோர் இசைவுடன் சென்று உபசம்பதை பெற்றனர். விடியுமுன் பசியெடுத்துவிட்டது. கஞ்சி தாருங்கள், சோறு தாருங்கள் என்று அழுதனர், படுக்கையையும் அழுக்காக்கினர். அழுகுரல் கேட்ட பகவன் ஆனந்தரை வினவி உண்மை அறிந்தார். இருபது வயது நிரம்பாதவன் குளிரையும் வெப்பத்தையும் பசியையும் கடுஞ்சொல்லையும் உடல்நோவையும் தாங்க வல்லவனல்லன் என்பதைக் காரணமாகக் காட்டி, அவனுக்கு உபசம்பதை அளித்தலாகாது என்று விதித்தார். இவ்வயதினைக் கருவிலிருந்தே கணக்கிடுவர்.

தீயதொன்றுக்கன்று, நற்பேறாகிய துறவுக்கே இவ்வரம்பு இடப்பட்டது என்பதைக் கருதுக. அப்பதினேழு சிறுவரின் பெற்றோரும் இசைந்தவரே. பெற்றோர் பார்த்துக்கொள்வர் என்னும் வாதம் அங்கேயே விழுந்துவிடுகின்றது, ஏனெனில் அன்புடைய பெற்றோரும் பிள்ளையால் எது தாங்கவியலும் என்பதில் தவறுவர். இன்னும் நுட்பமானது பாதிமொக்கத்தில் அமைந்துள்ள விதி. இருபது நிரம்பாதவன் என்று அறிந்தே ஒருவர் உபசம்பதை அளித்தால், அது செல்லாது. பாசித்திய ஆபத்து அளித்த உபாத்தியாயரைச் சாரும். சிறுவனுக்குத் தண்டனை இல்லை. கொடுத்த கையே குற்றமுடையது.

நம் நாட்டுச் சட்டமும் இந்நெறியிலேயே நிற்கின்றது. 2003ஆம் ஆண்டின் சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெச வட்டத்துள் விற்பதையும் விலக்கிற்று. மீறினால் விற்றவனுக்கு 200 ரூபாய் வரை அபராதம். வாங்கிய சிறுவனுக்கு ஒன்றுமில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவனுக்கோ கொடுக்கச் செய்பவனுக்கோ 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ஒரே செயலுக்கு ஓரிடத்தில் 200 ரூபாய், மற்றோரிடத்தில் 7 ஆண்டு! சட்டம் இயற்றுவோர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலும். கருநாடக அரசு 2024இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொணர்ந்த திருத்தம், வயதை 21 ஆக உயர்த்திற்று. பெட்டியைப் பிரித்து ஒற்றைச் சிகரெட்டாக விற்பதைத் தடுத்தது. ஊக்கா அருந்தகங்களையும் மூடிற்று. ஒற்றையாக விற்றலைத் தடுத்தது சிறு செய்தியன்று. பள்ளிப் பிள்ளையின் சட்டைப்பையிலுள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும், பெட்டிக்குப் போதாது.

2003இல் மூலச் சட்டம் இயற்றப்பட்டபோது கைப்பேசி வாணிகம் இல்லை. அதற்கெனத் தனி விதியும் அச்சட்டத்தில் இல்லை. எனினும் அதன்கீழ் அமைந்த விதிகள் 2011இல் திருத்தப்பட்டபோது, காசு போட்டால் பொருள் தரும் தானியங்கிப் பொறியின் வழியே புகையிலை விற்றல் தடுக்கப்பட்டது. எதனால்? பொறி வாங்குவோனின் முகத்தைப் பார்ப்பதில்லை. கைப்பேசிச் செயலியும் முகம் பாராத பொறியே. நிற்கும் இடந்தான் வேறு, பள்ளி வாயிலில் நில்லாமல் பிள்ளையின் உள்ளங்கையில் நிற்கின்றது. 100 கெசம் என்பதும் 100 மீட்டர் என்பதும் அங்கே பொருளற்றுப் போகின்றன. அமெரிக்க நாடு 2010இல் இயற்றிய சட்டம், சிகரெட்டை அரசாங்கத் தபாலில் அனுப்புவதைத் தடுத்து, வேறு வழியில் அனுப்பினால் ஒப்படைக்கும் இடத்திலேயே வயதைச் சரிபார்க்குமாறு பணித்தது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டுகளை அடியோடு தடுத்தது. ஆயினும் 2023இல் அவற்றை விற்ற 15 இணையத்தளங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவிப்பு அனுப்ப நேர்ந்தது. தடை எழுதுவது எளிது, முகமில்லாக் கடையைப் பிடிப்பது அரிது.

இவ்விடத்தில் நம்மவர்க்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. பொட்டலத்தை இருசக்கர வண்டியிற் கொணர்ந்து வாயிலில் நீட்டும் இளைஞன் யார்? நம் இல்லத்துப் பிள்ளைகளும் அவ்வேலையில் உள்ளனர். கட்டிய பொட்டலத்துள் இருப்பதை அவன் அறியான்; தாமதித்தால் அவன் கூலி குறையும். கொடுக்கும் கை அவனுடையது, விற்கும் மனம் நிறுவனத்தினுடையது. அறிந்தே செய்தல் என்னும் சொல் வினய விதியில் வீணாக அமைந்ததன்று. வயதைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சட்டம் இவன் தலையிற் சுமத்துமாயின், நிறுவனம் தப்பிவிடும், ஏழை சிறைபுகுவான். நிறுவனமே பொறுப்பேற்றல் வேண்டும். அட்டையைக் காட்டாத வீட்டிலிருந்து பொட்டலத்தைத் திருப்பிக் கொணர்பவனுக்குக் கூலி குறைதலும் கூடாது. அங்குத்தர நிகாயத்தில் உபாசகர் ஒழிக்கவேண்டிய ஐவகை வாணிகத்துள் நஞ்சு விற்றலும் ஒன்று. பயிர்ப் பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கப்பட்ட நிக்கோடினை நஞ்சென்னாமல் வேறென்ன என்பது?

தண்டனை கொடுத்தவனை விட்டு உண்டவன்மேற் பாய்ந்தால் விளைவது என்ன என்பதைப் பௌத்த நாடாகிய பூட்டானிற் காணலாம். 2004இல் அந்நாடு புகையிலை விற்பனையை முற்றிலும் தடுத்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சிறிதளவு மெல்லும் புகையிலையை வைத்திருந்த இளம் பிக்கு ஒருவர்க்கு 2011இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் மனம் வெதும்பினர். கள்ளக்கடத்தலும் ஓயவில்லை, இறுதியில் 2021இல் விற்பனைத் தடையே நீக்கப்பட்டது. முதிர்ந்தவரின் தனியுரிமைக்காக வாதிடுவோர்க்கு இந்நிகழ்ச்சி வலிய சான்று. அவ்வளவில் அவர்கள் கூறுவதை யான் ஒப்புகின்றேன். சீலம் என்பது தானே முன்வந்து மேற்கொள்வது. அரசன் அதனை எவர்க்கும் அளிக்க இயலாது. முப்பது வயதினன் ஒருவன் தன் காசில் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்வானாயின், அவனிடம் பேசலாம், சிறையிலிடலாகாது. சீலத்தை மேற்கொள்ளும் பருவம் எய்துமுன்னரே ஒரு பிள்ளையைப் பற்றுக்கு விற்றுவிடுவோனைத் தடுத்தல் வேறு.

நிற்க. பகவன் புகை குடித்தற்கு இசைவளித்தாரே என்று வினயம் பயின்ற அன்பர் ஒருவர் எழுதக்கூடும். உண்மையே. பிலிந்தவச்சர் என்னும் தேரரின் தலைநோய்க்கு எண்ணெயும் மூக்கு மருந்தும் பயனளியாதபோது, மருந்துப் புகையை உறிஞ்ச இசைவளிக்கப்பட்டது; திரியை நேரே கொளுத்தித் தொண்டை சுட்டமையால் குழலும் அனுமதிக்கப்பட்டது. உடனே சில பிக்குகள் பொன்னிலும் வெள்ளியிலும் குழல் செய்துகொண்டனர்; ஊரார் பழித்தனர்; பகவன் அதனை விலக்கி, எலும்பு, மூங்கில், மரம் முதலியவற்றாலான குழலே போதுமென்றார். நோய்க்கென வந்த புகை ஆடம்பரமாக மாற எத்தனை நாள் ஆயிற்று என்பதே அதிற் கற்கத்தக்கது.

இனி நம் இல்லத்திற் செய்யத்தக்கது. அம்பலட்டிகையில் இராகுலர்க்குப் பகவன் உபதேசித்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவர் என்பது உரைமரபு. கண்ணாடி எதற்கு என்று வினவி, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கும் பிறர்க்கும் தீங்காகுமா என்று நோக்கப் பயிற்றினார். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்ட பாட்டியாரும், திண்ணையிற் பீடி பிடிக்கும் தந்தையாரும் பிள்ளைக்கு அக்கண்ணாடியைக் காட்ட முற்பட்டால், அதில் முதலில் தெரிவது அவர்தம் முகமே. அவர்களை இழித்துரைக்க வேண்டா. குடியாத்தத்திலும் வேலூரிலும் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் நம் உறவினருள் பலர்.

வரும் பௌர்ணமி வகுப்பில் பெற்றோர் தம் கைப்பேசிகளைக் கொணர்க. பிள்ளைகள் பயன்படுத்தும் செயலிகளில் புகையிலை பட்டியலில் உள்ளதா, வயதை எங்ஙனம் கேட்கின்றனர் என்பதைச் சேர்ந்திருந்து பார்ப்போம். பழக்கத்தை விட விரும்புவோர்க்கு அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800 112 356 உள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வழியே தமிழிலும் பேசலாம். பெயரை வெளியிடுவார்களோ என்று அஞ்ச வேண்டா.