‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: வேலைக்காக லண்டன் வந்திருக்கிறேன். காலையில் பார்ப்பவர்கள் எல்லாம் ‘யூ ஆல்ரைட்?’ என்கிறார்கள். என் முகம் அவ்வளவு வாடியா இருக்கிறது?
(வாசகி, லண்டன்)

பதில்: முகத்துக்கு ஒன்றுமில்லை அம்மா, கவலையை விடுங்கள். அங்கே அது வெறும் வணக்கம். ‘ஆல்ரைட், யூ?’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். இரவு தூக்கம் வராததை எல்லாம் விவரித்தால் கேட்டவர் திகைத்துப்போவார். ‘சியர்ஸ்’ என்றால் பெரும்பாலும் நன்றி. கையில் கோப்பை இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் கட்டுரையில் ‘கோனா’, ‘வானா’ எழுதலாமா?
(மாணவர், சேலம்)

பதில்: கூடாது. பேச்சுத் தேர்வில் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அமெரிக்க மேலாளர் ‘ஐயாம் பிஸ்ட்’ என்றார். குடித்துவிட்டா வேலைக்கு வந்தார்?
(வாசகர், சென்னை)

பதில்: கடுங்கோபத்தில் வந்திருக்கிறார். பிரிட்டனில்தான் அதற்குப் போதை என்று பொருள். பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் அகராதியைப் புரட்டுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டு நாட்டிலும் அது முரட்டுச் சொல். அவரிடமே திருப்பிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பேரன் வாயைத் திறந்தால் ‘கூல்’, ‘வோக்’, ‘ஸ்லே’. படிக்காதவர்களின் கொச்சையால் ஆங்கிலமே கெடுகிறதே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பதில்: ஐயா, இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இந்த மூன்றும் இன்றைய பொருளைப் பெற்றதில் கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘கூல்’ 1940களில் ஜாஸ் கலைஞர்கள் வழியாகப் பரவியது. ‘வோக்’ பிறந்த சூழலைப் பாருங்கள். 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பாலியல் வன்முறை என்று பொய்க்குற்றம் சுமத்தி, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது நிறைவேறவில்லை என்றாலும் சிறையில் அவர்கள் இழந்த ஆண்டுகள் பல. அவர்களைப் பற்றிப் பாடிய லெட்பெல்லி, 1938இல் பதிவான ஒலிப்பதிவில், அந்தப் பக்கம் போகும் தம் மக்களை உஷாராக இருக்கச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். உயிரைக் காத்துக்கொள்ளச் சொன்ன எச்சரிக்கை அது. அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்தது 2017இல்தான். இன்று அரசியல் மேடைகளில் அதையே வசைச்சொல்லாக வீசுகிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிறது.

இலக்கணம் இல்லாத பேச்சு என்பதும் பொய். கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் அவர் வழக்கமாக வேலை செய்கிறவர் என்று பொருள். இந்த நொடியில் செய்கிறார் என்று சொல்ல அது உதவாது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஆராய்ந்து, இந்தப் பேச்சுக்கு உறுதியான விதிகள் உண்டு என்று காட்டினார். பேரனைத் திட்டாதீர்கள், அவன் சொல்லும் சொற்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ‘ஓகே’யின் விரிவு என்ன?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ‘ஆல் கரெக்ட்’டை வேடிக்கைக்காக ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதிச் சுருக்கினார்கள். 1839 மார்ச் 23இல் பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் வந்தது. சொல்லாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் 1960களிலேயே ஆதாரத்தோடு நிறுவிவிட்டார்.

கேள்வி: ஐந்து பவுண்டை ‘ஃபைவ் க்விட்ஸ்’ எனலாமா?
(மாணவி, மதுரை)

பதில்: ‘ஃபைவ் க்விட்.’ ஐந்தானாலும் ஐநூறானாலும் ‘ஸ்’ சேராது.