மலாக்கா கடலடியில் ஓடும் ஒளி

ஜாசின் தோட்டத்திலிருந்து சென்னை அத்தைக்குப் புலனத்தில் படம் அனுப்புகிறீர்கள். அது செயற்கைக்கோள் வழியாகப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், கைப்பேசியிலிருந்து கோபுரம் வரைதான் வானொலி அலை. அப்பால் பெரும்பாலும் கண்ணாடி இழை.

சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை நீளும் சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள், மலாக்காவிலும் சென்னையிலும் கரையேறுகிறது. 2005இல் அமைத்தார்கள். உள்ளே, தலைமுடியளவு மெல்லிய இழைகளில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிக்கிறது. எளிமையாகச் சொன்னால், ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. உங்கள் படமும் இந்த எண்களின் நீண்ட வரிசைதான்.

கண்ணாடியில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடும். கடல்வழி 3,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 15 மில்லி விநாடி போதும். 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் விநாடி ஆகிவிடும்!

வழியில் ஒளி மங்கும். அதனால் இடையிடையே பெருக்கிகள். அவற்றுக்கான மின்சாரமும் அதே கேபிளின் செம்பில்தான் வருகிறது. ஆழ்கடலில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் தடிமன்தான். கரையோரத்தில், கப்பல் நங்கூரத்துக்கு அஞ்சி, வெளியே எஃகுக் கம்பிகளைக் கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள்.