நம்பிக்கைகளும் உண்மைகளும்: வழிச்செலவை யார் போட்டது?

வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் தஞ்சாவூர்ப் பக்கமும் பெருகிவிட்டார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், "போற எடத்துல ஏதாவது வேலை பாத்துக்குவேன்" என்பார்கள். அறுப்புக் காலத்தில் வயல் வேலை, மற்ற நாளில் ஏதாவது பண்ணையில் நாலு மணி நேரம் உழைத்துவிட்டுச் சோறும் படுக்கையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படிப் பயணம் செய்கிறவர்கள் இருக்கவும் செய்கிறார்கள். ஆனால் டெல்டாவில் பருவம் பார்த்துப் பிழைப்பவர்களைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால், இந்தப் பேச்சில் வழிச்செலவுக் கணக்கு அடியோடு விட்டுப்போவது தெரியும்.

நம்பிக்கை: சம்பா அறுப்பு என்றால் டெல்டாவில் ஆள் பஞ்சம். யார் போய் நின்றாலும் கூலி உண்டு.

உண்மை: ஆள் பஞ்சம் என்பது சரி. அதனால்தான் ஆளுக்குப் பதில் வண்டி வந்துவிட்டது. தை, மாசியில் மன்னார்குடி, திருவாரூர் சாலைகளில் லாரி மேல் ஏறிப் போகும் அறுவடை இயந்திரங்களைப் பார்க்கலாம். சேலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவை நிறைய. ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. இரண்டுக்கும் மணிக் கணக்கில் வாடகை, பெல்ட்டுக்குக் கூடுதல். வண்டியோடு ஓட்டுநரும் உதவியாளும் வருவார்கள். உள்ளூரில் வயல் பிடித்துக் கொடுக்க ஒரு புரோக்கர் இருப்பார். கருக்கரிவாளுக்கு மிச்சம் இருப்பது மழையில் சாய்ந்து கிடக்கிற கதிரும், வண்டி திரும்ப முடியாத வரப்போர மூலையும்தான்.

நடவு வேலைக்குப் போகலாமே என்றால், அது குனிந்து நட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை. நாற்றை ஆழமாக ஊன்றினால் தூர் வெடிப்பது குறையும். மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். அந்தக் கைப்பதம் பழகியவர்கள் குழுவாக ஒப்பந்தம் பேசி ஏக்கர் கணக்கில் முடித்துக் கொடுக்கிறார்கள். சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்துக் குழுக்களும் டெல்டா வயல்களில் நடுகின்றன. நாற்றுப் பறிப்பிலிருந்து நடவு வரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தனியாளாகப் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறவரை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. அவர் வேகத்துக்குக் குழு காத்திருந்தால் எல்லாருடைய கூலியும் குறையும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றனவே என்று அடுத்துக் கேட்பார்கள். அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் எல்லாம் உண்டு. ஆனால் அவை நுகர்பொருள் வாணிபக் கழகம் முறைப்படி ஆள் எடுக்கிற வேலைகள். 40 கிலோ மூட்டையைத் தைத்துத் தூக்கி அடுக்குகிறவர்கள் காலங்காலமாக அந்தந்த ஊர்ச் சுமைக்காரர்கள். ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டுப் பார்த்து, 17 சதவீதத்துக்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டுவா என்பார்கள். அந்தக் குவியலைச் சாலையோரத்தில் பரப்பி, கிளறி, இரவில் தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் கிடப்பது விவசாயியே. அதற்கு அவருக்குக் கூலி கிடையாது.

பருவத்தை நம்பி உண்மையிலேயே ஊர் ஊராகப் போகிறவர் என்றால் அந்த அறுவடை வண்டி ஓட்டுநரைத்தான் காட்ட வேண்டும். டெல்டா முடிந்தால் பாலக்காடு, குட்டநாடு என்று கிளம்பிவிடுவார். அவருக்குக் கையில் தொழில் இருக்கிறது. லாரி வாடகையும் டீசலும் முதலாளி கணக்கு.

நம்பிக்கை: கிடை போடும் ஆட்டுக்காரர்கள் கால் போன போக்கில் போகும் நாடோடிகள். காசு இல்லாமல் பயணம் செய்ய அவர்களே சாட்சி.

உண்மை: கால் போன போக்கில் மந்தையை ஓட்டிப் போகிற கீதாரியின் ஆடு பட்டினிதான் கிடக்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து சம்பா அறுப்பு முடிந்த கையோடு மந்தைகள் டெல்டாவுக்குள் இறங்கும். எந்த ஊரில் யார் வயலில் கிடை என்பது பெரும்பாலும் பழைய பழக்கத்தை வைத்து, இப்போது செல்போனில் பேசி, முன்கூட்டியே முடிவாகிவிடும். பகலில் அறுத்த தாளிலும் வரப்பிலும் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் பேசிய வயலில் மந்தையை மடக்குவார்கள். குட்டிகளுக்குத் தனிக் கூடு. புழுக்கையும் மூத்திரமும் இரவெல்லாம் அந்த இடத்தில் விழும். மறுநாள் கிடையைச் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். இப்படி வயல் முழுக்க உரமேறும். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி என்பதுதான் கணக்கு. முன்பு நெல்லாக அளந்தார்கள், இப்போது ரொக்கம்.

வேலைப் பரிமாற்றம் என்று இன்று பெயர் வைத்துப் பேசுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் அதற்குள் இருக்கும் முதலைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஆடு. அது ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு. பாதைக்குள்ளும் சிக்கல் உண்டு. நெல் தரிசில் உளுந்தோ பயறோ தெளித்திருந்தால் மந்தை இறங்க முடியாது; கோடை நெல்லும் பருத்தியும் கூடக் கூட மேய்ச்சல் சுருங்கும். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கையில் சுற்றுலா எதுவும் இல்லை என்பது தெரியும்.

முதல் இல்லாமல் இந்தப் பயணத்தில் சேர்கிறவர்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போனபின், கடன்பட்ட டெல்டாக் குடும்பங்களின் சிறுவர்கள் முன்பணத்துக்கு ஆடு மேய்க்க அனுப்பப்பட்டு, அதிகாரிகள் போய் மீட்டுவந்த செய்திகளைப் படித்தோம். அவர்களும் ஊர் ஊராகப் போனவர்கள்தான்.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் காசே இல்லாமல் இராமேசுவரம் போய் வந்தார்கள்.

உண்மை: வந்தார்கள். வழியெல்லாம் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் சாலையில் வரிசையாகக் கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சாதம் மட்டுமில்லை, நோய்வாய்ப்பட்ட வழிப்போக்கருக்கு வைத்தியமும் உண்டு என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1801இல் எழுதிய கடிதத்தில் சரபோஜி விவரித்து, இந்தத் தர்மத்தில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அத்தனைக்கும் வருமானம் சத்திரத்துக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்திலிருந்து வந்தது. வழிப்போக்கன் வேலை செய்யவில்லை. அவனுக்காக யாரோ சேற்றில் நின்றார்கள்.

இன்றைக்குக் கோயில் அன்னதானம் இருக்கிறது. 2002இல் தொடங்கிய திட்டம். பெரும்பாலான கோயில்களில் மதியம் மட்டும், அதுவும் எண்ணிக்கை வைத்து. ஒரு வேளைப் பசிக்கு அது போதும். வருஷக் கணக்கான பயணத் திட்டத்தில் அதை வரவு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்பிக்கை: நம் முன்னோர் வேலை பார்த்துக்கொண்டே கடல் கடந்து ஊர் பார்த்தவர்கள்.

உண்மை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து போனவர்கள் அசல் பருவகாலத் தொழிலாளர்கள். காப்பிப் பழம் பறிக்கப் போய், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இலை நோய் வந்து காப்பி அழிந்து, தேயிலை வந்தது. தேயிலை வருஷம் முழுக்கப் பறிக்கிற பயிர். போனவர்கள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

வழிச்செலவை அப்போது ஆள் திரட்டிப் போன கங்காணி கொடுத்தார். கொடுத்தது கடன். அந்தக் கடன் தோட்டத்தில் கணக்கில் ஏறி, தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அதைத் தீர்த்தாக வேண்டும் என்ற 'துண்டு'ச் சீட்டாக அவர்களைத் துரத்தியது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஆகையால் டிக்கெட்டும் விசாவும் நாங்களே போடுகிறோம், சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று இன்று ஒருவர் சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்கலாம், ரசீதோடு. இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால் பதிவு உண்டா என்பது தெரிந்துவிடும். "டூரிஸ்ட் விசால போயிடு தம்பி, அங்க மாத்திக்கலாம்" என்ற பேச்சை நம்பிப் போய்த் தென்கிழக்கு ஆசியாவில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கதை பழசாகக்கூட ஆகவில்லை.

நம்பிக்கை: பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தால் பயணத்துக்குப் பணம் மிஞ்சும்.

உண்மை: மிஞ்சாது. உலகமெங்கும் பண்ணைகளையும் தன்னார்வலர்களையும் இணைக்கும் 'வூஃப்' 1971இல் இங்கிலாந்தில் தொடங்கியது, நகரத்தில் அலுவலக வேலை பார்த்தவர்கள் வாரக்கடைசியில் மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான். அதில் சேரவே சந்தா உண்டு. ஆரோவில் பக்கத்தில் 2003 முதல் காடு வளர்த்துவரும் சாதனா ஃபாரஸ்டில் தங்குகிறவர்கள் சாப்பாட்டுச் செலவில் பங்கு தருகிறார்கள். நியாயம்தானே. குழி வெட்டத் தெரியாதவருக்குக் குழி வெட்டக் கற்றுக்கொடுப்பதும் செலவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அரை நாள் உழைப்புக்கு 168. அதற்குப் பதில் படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்தால் லாபம்தான். ஆனால் அந்த லாபத்தைக் கண்டக்டரிடம் நீட்ட முடியாது. ரீசார்ஜ், மருந்து, அறுந்த செருப்பு எல்லாம் கைக்காசு. பண்ணை இருக்கும் இடத்தில் இருக்க உதவுமே தவிர, அங்கிருந்து நகர உதவாது. ஒரே ஊரில் மூன்று மாதம் இருந்து பாரம்பரிய நெல்லைப் பற்றியோ மூடாக்கைப் பற்றியோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. வாரத்துக்கு ஓர் ஊர் என்று பறக்கிறவருக்கு இல்லை. பண்ணைக்காரருக்கும் அவரால் உபத்திரவம்தான்.

நம்பிக்கை: காசு கைமாறாவிட்டால் வெளிநாட்டில் அது வேலை ஆகாது, சுற்றுலா விசா போதும்.

உண்மை: பல நாடுகள் சோறும் இடமும் வாங்கிக்கொண்டு உழைப்பதையும் வேலை என்றே எடுத்துக்கொள்கின்றன. பிரிட்டனுக்குப் பார்வையாளராகப் போகிறவர் சம்பளமில்லாமல்கூட ஹாஸ்டலில் வேலை செய்யக் கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை தொண்டு செய்ய மட்டும் அனுமதி. விமான நிலையத்தில் பையிலிருக்கும் கடிதத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நேர்வழி இருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 முதல் இந்தியர்களுக்கு வேலையும் விடுமுறையும் சேர்ந்த 462 விசாவைத் திறந்திருக்கிறது. 18 முதல் 30 வயது வரை, குலுக்கலில் வருஷத்துக்கு 1,000 பேர். பிரிட்டனின் இளம் வல்லுநர் திட்டம் 3,000 பேருக்கு இரண்டு வருஷம் தருகிறது. பட்டம் வேண்டும், வங்கியில் 2,530 பவுண்டு வேண்டும். சம்பாதிக்கப் போகிறவனிடமே முதலில் பணத்தைக் காட்டு என்கிறார்கள். கீதாரிக்குப் புரியும்.

நம்பிக்கை: டெல்டா எப்போது போனாலும் பச்சை, எப்போதும் வேலை.

உண்மை: மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். அந்தத் தண்ணீரை ஒட்டித்தான் குறுவை, சம்பா, தாளடி எல்லாம். பங்குனியில் உளுந்து பறிப்பு முடிந்தால் போர்வெல் இல்லாத வயல் வெடித்துக் கிடக்கும். ஆற்றையும் வாய்க்காலையும் தூர்வாருவதையும் பொக்லைன் எடுத்துக்கொண்டுவிட்டது. சித்திரையில் வர ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம். 2015இல் மறுபடி ஓடத் தொடங்கிய தஞ்சைப் பெரிய கோயில் தேர் அந்த மாதத்தில்தான். தங்கவும் சாப்பிடவும் பணம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வேலை கேட்கிறவர்கள் ஆடி, ஆவணிக்குமேல் வரட்டும், நடவு பழகிக்கொண்டு.