மங்கிய படகும் மறுமெருகும்

கடற்கரை மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் பைபர் படகுகளை நோக்கின், புதியது முகம் பார்க்கத்தக்க பளபளப்போடு விளங்க, சில ஆண்டுகள் உழைத்தது சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து நிற்கக் காண்கிறோம். அதன்மேல் கையை வைத்தால் மாப்போன்ற தூள் ஒட்டிக்கொள்ளும். இவ்வெளுப்பு யாது, எதனால் உண்டாயிற்று, படகுக்குத் தீங்கின்றி அதனை நீக்குவது எங்ஙனம் என்பவற்றை இவ்வியாசத்தில் ஆராயப் புகுகின்றோம்.

1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாகாணத்தினரான ரே கிரீன் என்பார் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு படகு செய்தார். அம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் கரைகளில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் தம் கலங்களை இழந்த மீனவர் பலர்க்கு இவ்வகைப் படகுகளே ஈடாகக் கிடைத்தன. ஆதலின் இவற்றைப் பேணும் முறையை அறிவது நமக்குப் பயனற்ற ஆராய்ச்சியன்று.

முதலில் இப்படகின் கட்டுமானத்தை அறிதல் வேண்டும். மரப்படகைக் கட்டி முடித்த பின்னரே அதற்கு வர்ணம் பூசுவர். பைபர் படகிலோ வெளித்தோலே முதலில் உண்டாகின்றது. மெழுகு தடவிய அச்சினுள் நிறம் கலந்த பிசினை முதலிற் பூசி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயைப் பரப்பி, பிசினால் நனைத்து, அடுக்கடுக்காக ஏற்றுவர். யாவும் இறுகியபின் அச்சினின்றும் எடுத்தால், முதலிற் பூசிய பிசினே படகின் புறத்தோலாய் அமையும். இதனை ஜெல்கோட்டு என்பர். இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. உள்ளிருக்கும் இழையடுக்குகளைக் கடல்நீரினின்றும் வெயிலினின்றும் காப்பது இந்த மெல்லிய தோலே என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

இனி, மங்குதற்குக் காரணம் கூறுவோம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுந்த முனைகளோடு காற்றிலுள்ள பிராணவாயு கூடுகின்றது. இதுவே ஆக்ஸீகரணம். வெப்பமும் ஈரமும் இவ்வழிவை விரைவுபடுத்துகின்றன. பிசின் அழிந்த இடங்களில் நுண்ணிய குழிகள் தோன்ற, அதில் அடங்கியிருந்த வர்ணப்பொடி பற்றுக்கோடின்றி வெளிப்படுகின்றது. கையில் ஒட்டுவது அப்பொடியே. சிவப்பு, நீலம் முதலிய அழுத்தமான நிறங்களில் இவ்வெளுப்பு விரைவில் புலப்படும்.

இங்கு வியக்கத்தக்க செய்தியொன்றுண்டு. இப்பிசின் புதிதாக இறுகும்போது, காற்றுப்படும் முகத்தில் எளிதில் இறுகாது பிசுபிசுக்கும். பிராணவாயு அதன் இறுகுதலைத் தடுப்பதே காரணம். அதுபற்றியே பழுது பார்ப்போர் புதிய ஜெல்கோட்டில் மெழுகு கலந்தோ, மேலே மெல்லிய தாளைப் போர்த்தியோ காற்றை விலக்குவர். பிறப்பில் தடையாய் நின்ற பிராணவாயுவே முதுமையில் கேடாயும் வருகின்றது.

வெளுத்த படகின்மேல் நீரை ஊற்றினால் பழைய நிறம் உடனே திரும்பும், உலர்ந்தவுடன் மறையும். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00; நீரினது 1.33, பாலியெஸ்டர் பிசினது ஏறத்தாழ 1.55. நீர் குழிகளை நிரப்பும்போது இரு பொருள்களுக்கிடையேயுள்ள வேறுபாடு குறைதலின் ஒளி சிதறுவதும் குறைகின்றது. எண்ணெய் தடவினாலும் இவ்விளைவே உண்டாகும். பழைய படகை எண்ணெயிட்டுப் புதிதெனக் காட்டுதல் இதனாலேயே எளிதாகின்றது. ஆனால் குழி குழியாகவே இருக்கும். ஆகவே மெருகு என்பது மேலே பூசப்படும் பொருளன்று, மேற்பரப்பின் நிலையே மெருகு என்பது தெளிவு.

சிகிச்சைக்கு முன் சோதனை வேண்டும். படகை நன்னீராலும் சோப்பாலும் கழுவி, உப்பும் மணலும் சிறிதுமின்றி நீக்குக. ஒட்டிய மணல் ஒன்றிருப்பினும் தேய்க்கும்போது அது கோடு கிழிக்கும். நீர் முத்து முத்தாய்த் திரண்டால் பழைய மெழுகு இன்னும் உளதென்று அறிந்து, அதற்குரிய கரைப்பானால் துடைத்தெடுக்க. பின்னர் ஓரடிச் சதுரத்தில் மட்டும் மென்மையான பாலிஷைத் தேய்த்துப் பார்க்க. ஒளி திரும்பினால் அதுவே முழுப்படகிற்கும் போதும். திரும்பாவிடின் ரப்பிங் காம்பவுண்டு இட்டுப் பார்க்க. அதற்கும் இணங்காமல் சொரசொரப்பு நிலைப்பின் மட்டுமே வாட்டர் பேப்பரை எடுத்தல் தகும். குறைந்த வன்மையில் தொடங்கி ஏறுவதே முறை. வன்மையானதைக் கொண்டு தொடங்குவோர், அரை மில்லிமீட்டர் தோலில் ஒரு பகுதியை வீணே இழப்பர். இழந்தது தானே வளராது.

வாட்டர் பேப்பர் வேண்டியவிடத்து 800, 1000, 1500, 2000 என்னும் எண் வரிசையிற் செல்க. எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். 800-இன் துகள் ஏறத்தாழ 22 மைக்ரான். 2000-இன் துகள் 10 மைக்ரான். ஒவ்வொரு தாளும் முந்திய தாள் இட்ட கீறல்களை நீக்குதற்கே வருகின்றது. இடையில் ஒன்றை விடின் அதன் குறை இறுதியில் வெயிலில் தெரியும். தாளை மென்மையான கட்டையிற் சுற்றி, நீர்விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் தாளை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்க. முன்னைய கோடுகள் மறைந்தனவா என்பது அப்போது கண்ணுக்குப் புலனாகும். விளிம்புகளிலும் மூலைகளிலும் தோல் விரைவில் தேயுமாதலின் அங்குக் கையை அடக்குக. அடிநிறமோ இழையின் பின்னலோ தோன்றினால் அக்கணமே நிறுத்துக. அதற்குமேல் மெருகிட்டுப் பயனில்லை. புதிய ஜெல்கோட்டோ வர்ணமோ வேண்டும்.

அடுத்துக் காம்பவுண்டை நிழலில், சூடாறிய பரப்பில், இரண்டடிச் சதுரமாகப் பிரித்து இடுக. இயந்திரத்தாற் செய்வோர் கம்பளித் திண்டைப் பொருத்திக் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிறுத்தாது நகர்த்திக்கொண்டே செல்க; நின்றவிடம் சூடேறிக் கருகும். பின் மென்மையான பஞ்சுத் திண்டால் பாலிஷிடுக. இதனோடு மெருகு முடிந்தது.

ஆயினும் காப்பு முடியவில்லை. வெயில் அடுத்த நாளே தன் தொழிலைத் தொடங்கும். ஆதலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த மெழுகைப் பூசுதல் வேண்டும். இதற்குப் பயன்படும் கார்னௌபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலையிலிருந்து கிடைப்பது. 80 பாகை சென்டிகிரேடுக்கு மேலேயே உருகுவதால் வெயிலைத் தாங்கும். எனினும் அதுவும் தேயும். சில மாதங்களுக்கொருமுறை மீண்டும் பூசுக. பாலிஷ் தோலைச் சிறிது எடுக்கும். மெழுகோ எடுக்காது, காக்கும். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி ஆண்டுதோறும் பாலிஷே இடுவோர் படகைக் காப்பதாக எண்ணிக் கரைக்கின்றனர். மீனவர் கால் ஊன்றும் தளத்தில் மட்டும் மெழுகு ஆகாது. அலையில் வழுக்கும் ஒரு காலடி உயிருக்கே ஊறாகலாம்.

இவ்வேலையில் எழும் தூள் நுரையீரலுக்குத் தீது. மூக்குக்கவசமும் கண்ணாடியும் அணிதல் இன்றியமையாதது. கரைப்பானில் நனைந்த துணியை நெருப்பின் அருகே விடலாகாது. தேய்த்து வழிந்த நீரில் உள்ளது பிளாஸ்டிக்குத் தூளாகலின் அதனைக் கடலில் விடாது, துணியில் வடித்தெடுத்து அகற்றுக.

படகொன்று ஒரு குடும்பத்தின் முதலாகும். நிழலில் நிறுத்துதலும், ஓலையாலோ படுதாவாலோ மூடுதலும், கரை சேர்ந்தவுடன் நன்னீரால் உப்பைக் கழுவுதலும் பொருட்செலவு மிகுதியின்றி எவர்க்கும் இயல்வன. அவற்றை நாள்தோறும் செய்வோர்க்கு இங்கே கூறிய கடுமையான முறைகள் அரிதாகவே வேண்டப்படும். கற்றோர் கரையிலுள்ளார்க்கு இதனை எடுத்துரைப்பின், அவர்தம் கைப்பழக்கத்தினின்றும் தாமும் மிகுதியாகக் கற்றுக்கொள்வர் என்பது நமது துணிபு.