மிதப்பு அங்கி

முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் துணையாற் கடலுள் இறங்கினர். தோணியில் நின்ற துணைவன் கயிற்றைப் பற்றி அவர்களை மேலே இழுத்தான். இக்காலத்தில் அக்கல்லின் தொழிலை ஈயக் கட்டிகளும், கயிற்றின் தொழிலை ஓரளவு மிதப்பு அங்கியும் செய்கின்றன. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினராகிய குஸ்தோ, கன்யான் என்னும் இருவர், முதுகிற் சுமக்கும் உருளையிலிருந்து வேண்டுமளவு காற்றை வாய்க்குத் தரும் கருவியை அமைத்தனர். அதற்குப் பின் வந்த துணைக்கருவியே மிதப்பு அங்கியாகும்.

நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு மேல்நோக்கித் தள்ளப்படும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் உடையை அணிந்தவர் எளிதில் மிதப்பர். ஆகவே, இடைவாரில் ஈயம் கோத்து எடையைக் கூட்டுவர். ஆயின், ஆழம் மிகுந்தோறும் நீரின் அழுத்தமும் மிகும். கடலின் மேற்பரப்பில் 1 லிட்டராக உள்ள காற்று, 10 மீட்டர் ஆழத்தில் அரை லிட்டராகவும், 30 மீட்டர் ஆழத்தில் கால் லிட்டராகவும் சுருங்கும். உடையிலுள்ள காற்றறைகள் சுருங்க, மிதப்பும் குறையும். அப்பொழுது அங்கியுள் சிறிது காற்றைச் செலுத்தி ஈடு செய்தல் வேண்டும். மேலேறும்போதோ அக்காற்று விரியும். அதனை வெளிவிடாவிடின், மூழ்கியவர் பந்துபோல் மேலே எழும்புவார். அவ்விரைவினால் நுரையீரல் கிழியலாம். உடலிற் கரைந்துள்ள நைட்ரசன் குமிழிகளாகிப் பெருந்துன்பம் விளைக்கலாம்.

எனவே, நீரில் இறங்குமுன் அங்கியைச் சோதித்தல் இன்றியமையாதது. முதற்கண், மிகைக்காற்று தானே வெளியேறும் வரையில் அங்கியை நிரப்புக. பின்னர்ச் சிறிது நேரம் வாளா வைத்திடுக. அது தளருமாயின் எங்கோ கசிவு உண்டு என்று அறிக. காற்றேற்றும் பொத்தானை அழுத்திவிட்டதும் காற்று நிற்றல் வேண்டும். உப்புப் படிந்த பொத்தான் சிக்கிக்கொள்ளுதலும் உண்டு; அந்நிலையில் காற்றுக்குழலை விரைந்து கழற்றப் பயிலுக. வாயால் ஊதியும் அங்கியை நிரப்பிப் பார்க்க. காற்றை வெளிவிடும் வால்வுகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க. உருளையைப் பிணிக்கும் பட்டை அசையாதிருத்தல் வேண்டும். ஈயவாரின் பூட்டு ஒரு கையால் திறக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

எடையின் அளவும் நோக்கத்தக்கது. 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை ஏறத்தாழ 3 கிலோகிராம். காற்றுச் செலவாக, அவ்வெடையும் குறையும். இதனைக் கருதாது ஈயத்தைக் குறைத்தவர், இறுதியில் விரும்பிய ஆழத்தில் நிலைக்க மாட்டாது மேலெழுவர். மிகுதியாகக் கோத்தவரோ ஓயாது அங்கியை நிரப்பி இடர்ப்படுவர்.

தன் அங்கியைத் தான் சோதித்தபின், துணைவர் இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சோதித்தல் நன்மரபு. பழகிய கண்ணுக்குத் தப்பிய பழுது, துணைவன் கண்ணுக்குப் புலனாகும். ஆழ்கடலில் அங்கியைப் பழுது பார்த்தல் அரிது. கரையிலோ படகிலோ செலவிடும் சில நிமிடங்களே உயிரைக் காக்கும்.