சம்பளம் யார் கொடுப்பது?



தூர தேசத்துக்கு அனுப்பும் உதவி உண்மையிலேயே பயன்படுகிறதா என்ற கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. இந்த இதழில் எத்தியோப்பியாவை வைத்து அதைப் படிப்போம்.

1990-ல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தன. நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா போன்றவை மலிவான மருந்தில் தீரக்கூடிய நோய்கள்தான். ஆனால் ஜனங்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருந்தார்கள். டாக்டர்கள் பட்டணத்தில் இருந்தார்கள்.

2003-ல் அந்நாட்டு அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, ஏறக்குறைய 5,000 பேருக்கு இருவர் வீதம் ஊர்களில் அமர்த்தியது. சில ஆண்டுகளில் அவர்கள் 30,000-க்கும் அதிகமானார்கள். வீடு வீடாகப் போய்க் கழிப்பறைக் குழி வெட்டச் சொன்னார்கள், தடுப்பூசி போட்டார்கள், கர்ப்பிணிகளை விசாரித்தார்கள். பிற்பாடு குழந்தைகளின் நிமோனியாவுக்கும் அவர்களே மருந்து கொடுக்கலானார்கள். 2012-ல் குழந்தை மரணம் ஆயிரத்துக்குச் சுமார் 68 ஆகக் குறைந்திருந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்தப் பெண்களின் பங்கு பெரியது.

இதில் வெளிநாட்டுப் பணம் எங்கே போனது? பெரும்பாலும் தடுப்பூசி, கொசுவலை, மருந்து, பயிற்சி ஆகியவற்றுக்கு. அந்தப் பெண்களோ அரசாங்க ஊழியர்கள். அரசாங்கக் கஜானாவிலும் வெளிநாட்டு உதவி கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை நியமித்ததும் சம்பளப் பட்டியலில் வைத்ததும் அந்த நாடே.

இந்த வித்தியாசம் 2025-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வருஷம் ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்தப் பணத்திலேயே அமர்த்தப்பட்டிருந்த சுமார் 5,000 சுகாதார ஊழியர்களின் வேலை ஒப்பந்தம் சில வாரங்களில் முடிக்கப்பட்டது. அவர்கள் வேலையில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்க மனமுள்ளவர்கள் கிடைப்பார்கள். நர்சுக்கு மாதச் சம்பளம் என்று கேட்டால் கைகள் தயங்கும். ஆகவே எந்தத் திட்டத்துக்குக் கொடுத்தாலும், சம்பளம் யார் கொடுக்கிறார்கள், இந்தப் பணம் நின்றால் வேலையை யார் ஏற்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். எங்களையும் கேளுங்கள்.

ஆனால் உதவியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எத்தியோப்பியக் கிராமத்தில் அந்தச் சகோதரி இருக்கிறார். அவர் போடும் தடுப்பூசிக்கும் கொடுக்கும் கொசுவலைக்கும் வெளியிலிருந்து வரும் பணம் இன்னமும் தேவைப்படுகிறது.